கோடு தாண்டும்வரை தொடக்கூடாது

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குள் அந்தக் கோலி எப்படிப் போயிற்று என்று கேட்டுக் கேட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டு சோடாக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பொட்டப் புள்ளைக்கு இத்தினி கேள்வி ஆவாது" என்பது அம்மாவின் கட்சி. கேள்விக்கு ஆண் என்ன, பெண் என்ன என்று அதையும் ஒரு கேள்வியாகக் கேட்பேன். அதற்கு முதுகில் ஒன்று விழும்.

நான் ப்ளஸ் ஒன் படித்த வருஷம், எண்பத்து நான்கில், பேப்பரில் ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. அந்த ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாகப் பெண்களுக்கும் மாரத்தான் வைக்கிறார்களாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது நூறு மீட்டர், இருநூறு மீட்டர், அப்புறம் வாயில் கரண்டியைக் கடித்துக்கொண்டு ஓடும் எலுமிச்சம்பழப் பந்தயம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று மனசுக்குள் கொண்டுவரவே முடியவில்லை.

நைனா, அதாவது என் அப்பா, பஸ் கண்டக்டர். திருவண்ணாமலை ரூட். சாப்பிட உட்கார்ந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"நைனா, நாப்பத்திரண்டு கிலோமீட்டர்னா இங்கேர்ந்து எது வரைக்கும்?"

"திருவண்ணாமல போயி, எறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் போவணும். இன்னாத்துக்கு?"

"பொம்பளைங்க ஓடப் போறாங்க."

"யாரு, நம்ம ஊரு பொம்பளைங்களா?"

"இல்ல நைனா, ஒலிம்பிக்ல. ரெண்டரை மணி நேரத்துல ஓடிடுவாங்களாம்."

நைனா சோறு பிசைவதை நிறுத்தினார். "எங்க வண்டிக்கே வழியில நிறுத்தித் தண்ணி ஊத்த வேண்டியிருக்குது. அவங்களுக்கு யாரு ஊத்துவாங்க?" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். இந்த வியாதி எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் தெருவில் அப்போது டி.வி. கிடையாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியின் வீட்டில் இருந்தது. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். மாடியில் ஒரு நீள இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனா கட்டியிருந்தார். மெட்ராஸிலிருந்து கிளம்பும் படம் செஞ்சி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரைப் பிடிக்க அத்தா மாடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும், நாங்கள் கீழேயிருந்து கத்த வேண்டும். "தெரியுதா?" "தெரியுது... போச்சு... ஆங், இப்பத் தெரியுது!" எங்கள் ஊரில் டி.வி. பார்ப்பது என்றால் இதுதான்.

ஓட்டம் முடிந்து ஓரிரு நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அதில் கொஞ்சத்தைக் காட்டினார்கள். முதலில் வந்தவள் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி ஆட்டியபடி, கடைக்குப் போய்த் திரும்பியவளைப் போல அலட்டிக்கொள்ளாமல் ஓடினாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். இடுப்புக்கு மேல் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கை சும்மா தொங்கியது. ஒரு கால் நேராக வராமல் இழுத்தது. படம்தான் கோணிவிட்டது என்று நினைத்து நாங்கள் இருவரும் மாடியைப் பார்த்துக் கத்தினோம்.

"அத்தா, படம் கோணுது! திருப்புங்க!"

அவர் திருப்பினார். அவள் இன்னும் கோணினாள். அப்போதுதான் கவனித்தேன், அவளைச் சுற்றி நின்றவர்களெல்லாம் நேராகத்தான் நின்றார்கள். கோணியது படம் இல்லை.

டாக்டர்கள் போலிருந்த சிலர் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார்கள். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். ஆனால் யாரும் பிடிக்கவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள், நின்றாள், மறுபடி காலை இழுத்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

"புடிங்களேன்யா!" என்று சிநேகிதியின் அம்மா டி.வி.யைப் பார்த்து அதட்டினார். "யா அல்லா, இத்தினி பேருக்கும் கையே இல்லியா?"

அதற்குள் மாடியில் இருந்த அத்தா, நாங்கள் கேட்டுக்கொண்டபடி இன்னும் ஒரு திருப்புத் திருப்பினார். படம் புள்ளி புள்ளியாகிப் போயிற்று. திரும்பி வந்தபோது யாரோ நீச்சல் குளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தாளா, விழுந்தாளா? யாரும் ஏன் பிடிக்கவில்லை? அப்படி நடக்கும்போது அவள் தலைக்குள் என்ன ஓடியிருக்கும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பி.டி. டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெட்ராஸில் படித்துவிட்டு எங்கள் பெண்கள் பள்ளிக்கு அந்த வருஷம்தான் வேலைக்கு வந்திருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயசுதான் மூத்தவர். நாங்கள் "டீச்சர்" என்று கூப்பிட்டால் சில சமயம் அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார், யாரையோ கூப்பிடுகிறோம் என்று.

"போய்ச் சேந்துட்டா," என்றார். "கடைசி ஒரு சுத்துக்கு மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சாம். பதக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஏன் டீச்சர் யாருமே புடிக்கல?"

"புடிச்சா அவ அவுட்டு. யாராவது தொட்டு உதவி செஞ்சாங்கன்னா அவ ஓடினது அத்தனையும் செல்லாது. அதனால டாக்டருங்க பக்கத்துலயே போய், வேர்வை வருதா, வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். வேர்க்கிற வரைக்கும் உடம்பு இன்னும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதனால விட்டுட்டாங்க."

"அவங்களால எப்பிடிப் பாத்துக்கினு சும்மா இருக்க முடிஞ்சிது?"

"அது எனக்குத் தெரியாது."

"அப்ப அவ மனசுல இன்னா ஓடியிருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ ஒரு நாளு ஓடிப் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லு," என்று விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் குடியரசு தினத்தன்று பையன்களுக்கு ஒரு நீள ஓட்டம் நடக்கும். அனந்தபுரத்தில் ஆரம்பித்து, வயல்களுக்கு நடுவே தார் ரோட்டிலேயே வந்து செஞ்சியில் முடியும். பஸ்ஸில் வந்தாலே அரை மணி ஆகும். அதே ரோட்டில் இந்த முறை பெண்களுக்கும் ஒரு ஓட்டம் வைக்கலாம் என்று பி.டி. டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அந்தப் பேச்சு நடந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் செடி அன்றைக்கு அழுகியிருக்க வேண்டும்.

"நானும் டி.வி.ல பாத்தேன்மா, அந்தப் பொண்ணு வந்த கோலத்த," என்றார் பெரிய டீச்சர். "அதத்தான் இங்க நடத்தணும்ங்கறியா? ஒருத்திக்கு வயித்துல ஒண்ணு ஆயிப்போச்சின்னா, அவ அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஒண்ணும் ஆகாது டீச்சர். இத்தன வருஷமா இப்படியே பயந்துதான் வெளிநாட்லயும் பொம்பளைங்கள ஓட விடாம வச்சிருந்தாங்க. எண்ணூறு மீட்டரே அதிகம்னு நிறுத்தி வச்சிருந்தாங்க."

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பெரிய டீச்சருக்கும், கடல் தாண்டி இருக்கிற கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்களுக்கும் ஒரே பயம். இவர்களுக்குள் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே குடத்தை மறுபடி நிரப்பினேன்.

இழுபறிக்குப் பிறகு பெரிய டீச்சர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அதை மறுநாள் காலை பிரேயரில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஓடுங்க, வேணான்னு சொல்லல. முடியலன்னா நில்லுங்க, நடந்து வாங்க. ஆனா ஒரே ஒருத்தி மயங்கி விழுந்தாலும் சரி, ஒருத்தியத் தூக்கிக்கினோ தாங்கிக்கினோ கூட்டியாந்தாலும் சரி, அதோட இந்தப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு ஓட்டப் பந்தயமே கெடையாது. நூறு மீட்டரும் கெடையாது."

அதாவது முதலில் வருகிறவளால் எதுவும் ஆகப்போவதில்லை. எல்லாம் கடைசியில் வருகிறவள் கையில், சரியாகச் சொன்னால் காலில், இருந்தது. அந்தக் கடைசி ஆள் நான்தான் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் பேர் கொடுத்தேன். வேகமாக ஓடுவேன் என்பதற்காக இல்லை. எலுமிச்சம்பழப் பந்தயத்தில்கூட எனக்குப் பரிசு கிடைத்ததில்லை. அந்தக் கோணலான பெண் எந்த இடத்துக்குள் போய்விட்டு வந்தாள் என்று எட்டிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா ருத்ரதாண்டவம் ஆடினாள். "கர்ப்பப்பை எறங்கிடும்டி. நாளைக்கி எவன் கட்டுவான்?"

"களை எடுக்கறப்ப, ரெண்டு குடம் தண்ணி தூக்கறப்பல்லாம் எறங்காதாமா?"

"அது வேல. இது ஆட்டம்."

"வேல எது, ஆட்டம் எதுன்னு கர்ப்பப்பைக்குத் தெரியுமாமா?"

வழக்கம்போல முதுகில் விழுந்தது. நைனாதான் நடுவில் புகுந்து, "ஓடட்டும் உடு. முடியலன்னா நிக்கப் போறா. வண்டியே நிக்கிது," என்றார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

பந்தயத்துக்கு முதல் நாள் பி.டி. டீச்சர் எங்களுக்கு இரண்டு விஷயம் செய்தார். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவைதான். வெளிநாட்டுப் பெண்கள் வெறுங்காலோடு ஓடுவதில்லை என்று சொல்லி, எங்கிருந்தோ எல்லோருக்கும் வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். ரோட்டில் போகிற மற்ற பெண்களிலிருந்து எங்களைப் பிரித்துத் தெரிய வேண்டுமே என்று வெள்ளைத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சாயத்துக்குப் பதில் மஞ்சளில் நனைத்துக் காய வைத்து, ஆளுக்கு ஒன்று வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார். மெட்ராஸ்காரர், மஞ்சள் பளிச்சென்று தெரியும் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்.

அம்மா என் கையைப் பார்த்ததும் அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "இன்னாடி இது, காப்பு மாரி?"

"அடையாளம்மா. ஓடறவங்களுக்கு."

அம்மா ஆடி மாதம் தவறாமல் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பவள். கையில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அது அவிழும்வரை நானும் நைனாவும் அவள் மேல் படாமல் ஒதுங்கி நடக்க வேண்டும். குடத்தோடு வெயிலில் வரும்போது அவளுக்குத் தள்ளாடினாலும் யாரும் பிடிக்க மாட்டார்கள். வழி விட்டு, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மணிக்கட்டை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குடியரசு தினத்தன்று கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, எங்களை ஒரு வேனில் ஏற்றி அனந்தபுரத்தில் இறக்கும்போதே வெயில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பாவாடை, மேலே சட்டை, காலில் ஷூ, கையில் மஞ்சள் துணி. என் சிநேகிதி தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் அத்தா சைக்கிளில் பின்னாலேயே வருவது என்று ஏற்பாடு. விசில் ஊதியதும் அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சைக்கிளில் வந்த அத்தாவுக்கே மூச்சு வாங்கியது.

ரொம்ப சீக்கிரமே நான் தனியாகிவிட்டேன். முன்னால் போனவர்களின் மஞ்சள் துணிகள் ஒரு வளைவில் மறைந்தன. இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல், நடுவில் ரோடு, ரோட்டில் நான். டீச்சர் ஒரு புளியமரத்தடியில் வைத்திருந்த பானையில் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் குடித்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. மூச்சு ஒரு கணக்குக்கு வந்துவிட்டிருந்தது. இது பரவாயில்லையே என்றுகூடத் தோன்றியது.

அடுத்த ஊரில்தான் மாட்டிக்கொண்டேன்.

அது தை மாதம், காவடிக்காரர்கள் ரோட்டில் போகும் சமயம். மஞ்சள் கட்டிய கையோடு பெண் பிள்ளைகள் வரிசையாக ஓடுவதை அந்த ஊர்ப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். முன்னால் போனவர்கள் வேகமாகப் போய்விட்டதால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னும் ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய், குடத்தில் தண்ணீர் எடுத்து, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டுத் தயாராக நின்றிருக்கிறார்கள். மொத்த மரியாதையும் எனக்கு மட்டும்.

ரோட்டை மறித்து நின்றார்கள். நான் நின்றேன். தப்பிப் போக வழியே இல்லை.

"எந்தக் கோயிலுக்குக் கண்ணு?"

"செஞ்சிக்கு," என்றேன் மூச்சிரைக்க.

"செஞ்சியில எந்தக் கோயிலு?"

எனக்குப் பேச மூச்சு இல்லை. அதற்குள் முதல் குடம் காலில் விழுந்தது. இரண்டாவது குடக்காரி குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "இன்னாடி அநியாயம், காப்புக் கட்டிக்கினு கால்ல பூட்ஸு போட்டுனு போறியே, அடுக்குமா?"

"பந்தயங்க... ஸ்கூல்ல..."

"ஸ்கூலோ கோயிலோ, கழட்டு மொதல்ல."

நான் கழற்றவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கும்பிடு போட்டு, அவர்கள் நடுவே புகுந்து ஓடினேன். மூன்றாவது குடம் துரத்திக்கொண்டு வந்து பின்னங்காலில் விழுந்தது. மனசார ஊற்றினார்கள், பாவம். பின்னாலிருந்து குலவை வேறு போட்டார்கள்.

ஈரமான கான்வாஸ் ஷூவோடு நீங்கள் ஓடியிருக்கிறீர்களா? கொஞ்ச தூரத்துக்குச் சளக் சளக்கென்று சத்தம்தான் வரும். அப்புறம் குதிகால் எரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் தோல் உரிவது தனியாகத் தெரியும். ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அந்தப் பெண்கள் சொன்னபோதே கழற்றியிருக்கலாம். ஷூக்களின் கயிற்றை முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினேன்.

தார் சுட்டது. அடுத்த பானையை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை, நான் பார்க்காமலே தாண்டியிருக்க வேண்டும். தூரத்தில் ராஜகிரி மலை தெரிந்தது. ராஜகிரி தெரிந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று பஸ்ஸில் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். ஓடி வருகிறவர்களுக்கு அந்த மலை கிட்டே வருவதே இல்லை. எத்தனை நேரம் பார்த்தாலும் அதே பாறைகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன. எனக்கு அந்த மலை மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

ஊருக்குள் நுழையும்போது ரோடு ஒரு பக்கமாகச் சாய்வது போலிருந்தது. ரோட்டை எப்போது இப்படிக் கோணலாகப் போட்டார்கள் என்று யோசித்தேன். பஜாரில் கடைகளும் சாய்ந்திருந்தன. அப்போதுதான் உறைத்தது, சாய்வது பஜார் இல்லை. எந்த இடத்தை எட்டிப் பார்க்க வேண்டும் என்று வந்தேனோ, அங்கே வந்துவிட்டேன்.

அங்கே என்ன இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய எண்ணம் எதுவும் இல்லை. சாமி இல்லை, மன உறுதி இல்லை. சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படிப் போயிற்று என்ற அதே கேள்விதான் திரும்பத் திரும்ப ஓடியது. பாட்டிலைச் சூடாக்கி வளைத்திருப்பார்களா? கோலியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கழுத்தைச் செய்திருப்பார்களா? ஒவ்வொரு அடிக்கும் ஒரு யோசனை. அந்த ஒலிம்பிக் பெண்ணும் இப்படித்தான் ஏதோ அற்ப விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள் என்று தோன்றியது. எனக்கு அவள் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசல் பஜாரைத் தாண்டி இருந்தது. வாசலில் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். மற்ற பெண்களெல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் விழவில்லை, யாரையும் யாரும் தாங்கவில்லை. பாக்கி நான்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய டீச்சர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் பி.டி. டீச்சர், விசிலைக் கடித்துக்கொண்டு.

என் கால் பின்னியது. உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஐயோ, கண்டக்டர் பொண்ணுடா! புடி, புடி, உழப் போவுது!" செஞ்சியில் ஒருத்தர் தடுக்கினால் நாலு பேர் பிடிப்பார்கள். நல்ல ஜனங்கள். அந்த நிமிஷத்தில் அவர்கள் அத்தனை பேரும் எனக்கு எமனாகத் தெரிந்தார்கள். ஒரு கை பட்டால் போதும், அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக் குழந்தைகூட எலுமிச்சம்பழத்தோடு ஓட முடியாது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள்.

அவள் பார்க்கவே வர மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள், பிடிக்கத்தான் வந்தாள். எனக்கு நம்பிக்கை போயிற்று. மஞ்சள் கட்டிய கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினேன். அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

அம்மா அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஒரு சத்தம் போட்டாள், அது பஜார் முழுக்கக் கேட்டிருக்கும்.

"யாரும் தொடாதீங்க! கையில காப்பு இருக்குது, கண்ணு தெரியல? வழி உடுங்க!"

மாரத்தான் சட்டத்தைப் பற்றி அந்தக் கூட்டத்துக்கு எத்தனை விளக்கினாலும் புரிந்திருக்காது. இது உடனே புரிந்தது. எல்லோரும் விலகினார்கள். நீட்டிய கைகள் மடங்கின. ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார்.

அம்மா என் பக்கத்திலேயே நடந்தாள். நான் இடது பக்கம் சாய்ந்தால் அவள் கை இடது பக்கம் வந்தது. வலது பக்கம் சாய்ந்தால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தது. என் தோளுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது, அது குறையவே இல்லை.

"வேர்க்குதான்னு பாருங்கம்மா!" என்று பி.டி. டீச்சர் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"வேக்குது, வேக்குது," என்றாள் அம்மா. "நட கண்ணு. நடந்துடு. தோ, வந்துட்டுது."

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் கோணிப்போயிருந்தது, கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது, நீட்டிய கை இரண்டையும் அவள் மடக்கவே இல்லை. அந்த டாக்டர்களால் எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டு வர முடிந்தது என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்குப் பதில் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சும்மா வரவே இல்லை. தள்ளாடினவளைவிட அவர்களுக்குத்தான் அது கஷ்டம்.

சுண்ணாம்புக் கோடு என் வெறுங்காலில் ஒட்டியது. அதைத் தாண்டிய அடுத்த நொடி அம்மா என் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். நான் அவள் மேல் அப்படியே சரிந்தேன். இனி சரியலாம்.

பெரிய டீச்சர் குடையோடு வந்து எங்கள் மேல் நிழல் விழும்படி நின்றார். "வழியில யாரும் தாங்கலியே?" என்று கேட்டார்.

"எவளும் தொடல டீச்சர்," என்றாள் அம்மா, என்னை விடாமல். "பெத்தவ நானே தொடல."

பெரிய டீச்சர் குனிந்து என் குதிகாலைப் பார்த்தார். பிறகு பி.டி. டீச்சர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அடுத்த வருஷம் இந்த ஷூவெல்லாம் வேணாம்."